புழல் மேஜையில் ஒரு கான்கார்ட்

வா கண்ணு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார். கையைக் கழுவிவிட்டாய்தானே? சமர்த்து. மேஜை மேல் இருக்கிற இந்தப் பழைய அட்டைப்பெட்டிக்கு உள்ளே ஒரு விமானம் இருக்கிறது. முழு விமானம் இல்லை, துண்டு துண்டாக. கான்கார்ட் என்று பெயர். பயணிகளை ஏற்றிக்கொண்டு ஒலியைவிட வேகமாகப் பறந்த விமானம் அது. அதன் பிளாஸ்டிக் மாடலை இன்றைக்கு நாம் ஒட்டப் போகிறோம்.

"இவ்வளவு ஒல்லியா இருக்கே, இது எப்படி மாமா பறக்கும்?" என்று பெட்டிப் படத்தைப் பார்த்ததும் கேட்டாய். அருமையான கேள்வி! அந்தக் கேள்வியைக் கையில் பிடித்துக்கொள். ஒவ்வொரு துண்டையும் ஒட்டும்போது அதற்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பதில் கிடைக்கும்.

முதலில் நம் ஊர்க் கதை ஒன்று. புழல் ஏரிக்கரையில் எத்தனையோ முறை நடந்திருப்பாய். சென்னைக்குக் குடிதண்ணீர் தருகிற அந்த ஏரியில் ஒரு காலத்தில் விமானங்கள் இறங்கின. ஆமாம், தண்ணீரிலேயே! இரண்டாம் உலகப் போர் நடந்தபோது பிரிட்டிஷ் விமானப்படை இங்கே ஒரு தளம் வைத்திருந்தது. 'ரெட்ஹில்ஸ் லேக்' என்பது அந்தத் தளத்தின் பெயர். 1942இல் கேட்டலினா என்ற விமானங்கள் இங்கே வந்து சேர்ந்தன. அவற்றின் அடிப்பாகம் படகு வடிவில் இருக்கும். ஏரியிலிருந்து கிளம்பி, வங்கக் கடலுக்கு மேல் மணிக்கணக்கில் காவல் சுற்றிவிட்டு, திரும்பி வந்து ஏரியிலேயே இறங்கும்.

கேட்டலினா சாதாரணமாகப் பறக்கும் வேகம் மணிக்கு சுமார் 200 கிலோமீட்டர். போர் முடிந்தது 1945இல். அடுத்த 24 ஆண்டுகளில், 1969 மார்ச் 2ஆம் தேதி, பிரான்ஸில் துலூஸ் நகரத்தில் முதல் கான்கார்ட் வானில் ஏறியது. பிரிட்டனும் பிரான்ஸும் சேர்ந்து செய்த விமானம். அதன் வேகம் மணிக்கு சுமார் 2,150 கிலோமீட்டர். கேட்டலினாவைப் போல் பத்து மடங்குக்கும் மேல்! சென்னையிலிருந்து மதுரைக்கு நேர்கோட்டில் அந்த வேகத்தில் போனால் 12 நிமிடம்தான்.

இப்போது யோசி. கேட்டலினாவுக்கு நீளமான, நேரான இறக்கை. கான்கார்டுக்கோ முக்கோண இறக்கை. வால் பக்கத்தில் குறுக்கு இறக்கையே இல்லை. மூக்கு கூர்மை. ஏன் இப்படி? பெட்டியைத் திறப்போம்.

உள்ளே வெள்ளைப் பிளாஸ்டிக் சட்டங்கள் இருக்கின்றன, பார். சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு சின்னச் சின்னப் பாகங்கள். பிய்த்து எடுக்காதே! பிய்த்தால் பாகம் உடையும். பழைய பிளாஸ்டிக் வேறு, கொஞ்சம் மொறுமொறுப்பாகி இருக்கும். நகவெட்டி எடுத்து, பாகத்திலிருந்து சற்றுத் தள்ளி வெட்டு. மிச்சத்தை உப்புத்தாளால் தேய்த்துக்கொள்ளலாம்.

ஓரங்களில் மெல்லிய தோலாக ஏதோ நீட்டிக்கொண்டிருக்கிறதே, அது பிசிறு. உருக்கிய பிளாஸ்டிக்கை இரண்டு இரும்பு அச்சுகளுக்கு நடுவே அழுத்திச் செலுத்தித்தான் இந்தப் பாகங்களைச் செய்கிறார்கள். அச்சு பழசாகித் தேய்ந்தால் இரண்டு பாதிகளும் சரியாக மூடாது. அந்த இடுக்கில் பிளாஸ்டிக் கசிந்து உறைந்துவிடும். அதுதான் பிசிறு. அதையும் உப்புத்தாளால் நீக்கிவிடு.

இது என்ன பிளாஸ்டிக் தெரியுமா? பாலிஸ்டைரீன். உனக்கு இது பழக்கமானதுதான். பள்ளியில் எரிமலை, வீடு எல்லாம் செய்ய தெர்மாகோல் வாங்குவாயே, அதுவும் இதே பாலிஸ்டைரீன்தான்! தெர்மாகோலுக்குள் நூற்றுக்கு 98 பங்கு காற்று. அதனால் அது லேசாக இருக்கிறது. மாடலில் காற்று இல்லை. அதனால் கெட்டியாக இருக்கிறது. பொருள் ஒன்றே.

இந்தப் பொருள் கச்சா எண்ணெயிலிருந்து வருகிறது. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் மணலி சுத்திகரிப்பு ஆலையின் கோபுரங்கள் தெரியும், பார்த்திருக்கிறாயா? அந்த ஆலை ஓடத் தொடங்கியதும் 1969இல்தான், கான்கார்ட் முதன்முதலாகப் பறந்த அதே ஆண்டு. மணலி புதுநகரில் தெர்மாகோலுக்கான பாலிஸ்டைரீன் குருணைகள் செய்யும் ஆலையும் இருக்கிறது. எங்கேயோ தூர தேசத்துப் பொம்மை என்று நினைத்தாய். அதன் பிளாஸ்டிக் நம் பக்கத்து ஊரில் தயாராகும் சரக்கு.

சரி, ஒரு சோதனை. அம்மாவையோ அப்பாவையோ பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் செய்ய வேண்டும். ஜன்னல் திறந்திருக்க வேண்டும். அடுப்பு, விளக்கு எதுவும் அருகில் எரியக் கூடாது. ஒரு தெர்மாகோல் துண்டின் மேல் அசிட்டோன் கலந்த நகப்பூச்சு நீக்கியை ஒரே ஒரு சொட்டு விடச் சொல். என்ன நடந்தது? தெர்மாகோலில் குழி விழுந்துவிட்டது! எரியவில்லை. உருகவும் இல்லை. கரைந்துவிட்டது.

மாடல் பசையும் இதே வேலையைத்தான் செய்கிறது. நாம் காகிதத்துக்குப் போடும் கோந்து இரண்டு தாள்களுக்கு நடுவே காய்ந்து இறுகிப் பிடித்துக்கொள்ளும். மாடல் பசை அப்படி இல்லை. இரண்டு பாகங்களின் விளிம்பையும் லேசாகக் கரைக்கும். கரைந்த இரண்டும் ஒன்றோடொன்று கலக்கும். பசையில் இருக்கும் திரவம் ஆவியாகிப் போனதும் அந்த இடம் மறுபடி கெட்டியாகும். இரண்டு துண்டு ஒரே துண்டு ஆகிவிடும். புரிகிறதா? எங்கே, உன் வார்த்தையில் ஒரு தடவை சொல். சபாஷ்!

அதனால்தான் பசையை அதிகம் போடக் கூடாது என்கிறேன். நிறையப் போட்டால் நிறையக் கரையும். ஜன்னல் கோடுகள், கதவுக் கோடுகள் எல்லாம் வழுவழுவென்று அழிந்துபோகும். ஊசிமுனை அளவு போதும். ஒட்டிய பிறகு ரப்பர் பேண்ட் போட்டு, ஒரு ராத்திரி முழுக்கத் தொடாமல் விட்டுவிடு. பசை ஆவியை மூக்கருகே வைத்து முகராதே.

ஒட்டுவதற்கு முன் இரண்டு வேலை. பாகங்களைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காய வை. அச்சிலிருந்து சுலபமாகக் கழன்று வரத் தடவிய எண்ணெய் அவற்றின் மேல் இருக்கலாம். எண்ணெய் இருந்தால் பெயின்ட் பிடிக்காது. பிறகு, பசை இல்லாமலே எல்லாப் பாகங்களையும் ஒருமுறை சேர்த்துப் பிடித்துப் பார். பழைய பெட்டியில் உடல் பாகங்கள் கொஞ்சம் வளைந்திருக்கும். கை பொறுக்கிற வெந்நீரில் சற்று நேரம் வைத்து, மெதுவாக நிமிர்த்து. வளைவு பெரும்பாலும் சரியாகிவிடும்.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த இடம். அளவுகோலை எடு!

பெட்டியில் 1/144 என்று போட்டிருக்கிறதா? நிஜ விமானத்தை 144இல் ஒரு பங்காகச் சுருக்கியிருக்கிறார்கள் என்று பொருள். ஏன் 144? 12 பெருக்கல் 12 எவ்வளவு? அதேதான். அந்தக் காலத்தில் அடி, அங்குலத்தில் அளந்தார்கள். ஓர் அடிக்கு 12 அங்குலம். நிஜத்தில் ஓர் அடி நீளம் இருப்பது, மாடலில் ஓர் அங்குலத்தில் 12இல் ஒரு பங்கு ஆகிவிடும். கணக்குப் போட வசதி. உன் உயரம் 144 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள். இந்த விமானத்துக்குள் நீ ஏறினால் உன் உயரம் சரியாக 1 சென்டிமீட்டர்!

பயணிகளை ஏற்றிய கான்கார்டின் நீளம் 61.66 மீட்டர். நம் மாநகரப் பேருந்து ஐந்தை வரிசையாக நிறுத்தினால் கிட்டத்தட்ட அந்த நீளம் வரும். அதை 144ஆல் வகுத்தால் 42.8 சென்டிமீட்டர். ஆனால் முதலில் பறந்த சோதனை விமானம் இதைவிட 5 மீட்டருக்கும் மேல் குட்டை. அதை 144ஆல் வகுத்தால் சுமார் 39 சென்டிமீட்டர்தான் வரும். பல கம்பெனிகள் நிஜ விமானம் பறப்பதற்கு முன்பே, வரைபடங்களைப் பார்த்து மாடல் பெட்டிகளை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டன. ஆகவே உன் வீட்டுப் பரணில் ஒரு பழைய கான்கார்ட் கிடைத்தால், அது எந்தக் கான்கார்ட் என்று அளவுகோலே உனக்குச் சொல்லிவிடும். நல்ல துப்பறியும் வேலை, இல்லையா?

இன்னொரு விசித்திரமும் உண்டு. அமெரிக்காவில் போயிங் நிறுவனமும் இப்படி ஒரு விமானம் செய்யத் திட்டம் போட்டது. 1971இல் அந்தத் திட்டத்தை நிறுத்திவிட்டார்கள். ஒரு விமானம்கூடப் பறக்கவில்லை. ஆனால் அதன் மாடல் பெட்டிகள் கடைகளில் விற்றன! நம் ஏர் இந்தியாவும் இரண்டு கான்கார்டுகளுக்கு 1966இல் இடம் பிடித்து வைத்தது. பின்னர் 1970களில் வேண்டாம் என்று விட்டுவிட்டது. வாங்கியிருந்தால் நம் குழந்தைகள் இந்த மாடலுக்கு ஏர் இந்தியாவின் சிவப்பைப் பூசியிருப்பார்கள். எனக்கு இன்னமும் அந்த ஆசை உண்டு.

இறக்கையைக் கையில் எடு. எவ்வளவு மெல்லிசு! ஓரத்தை விரலால் தடவு. நேர்கோடாக இல்லை, நெளிந்து போகிறது. ஒலியைவிட வேகமாகப் போகும்போது தடிமனான, நீளமான இறக்கை காற்றை ரொம்பவும் எதிர்க்கும். அதனால் ஒல்லியான முக்கோணம். ஆனால் ஒல்லி இறக்கைக்கு ஒரு கஷ்டம். மெதுவாகப் பறக்கும்போது அது போதுமான தூக்குவிசை தராது. இறங்கும்போது மெதுவாகத்தானே வர வேண்டும்?

பொறியாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? விமானத்தின் மூக்கை மேலே தூக்கி வைத்து இறக்கினார்கள். அப்போது கீழிருந்து வரும் காற்று, இறக்கையின் முன்விளிம்பைத் தாண்டி மேலே சுருண்டு, சுழலாக ஓடும். அந்தச் சுழலுக்குள் காற்றழுத்தம் குறைவு. அழுத்தம் குறைந்த பக்கத்துக்கு, அதாவது மேல்நோக்கி, இறக்கை இழுக்கப்படும். விமானம் விழாமல் நிற்கும்.

ஆனால் மூக்கு மேலே தூக்கியிருந்தால் விமானிக்கு ஓடுதளம் எப்படித் தெரியும்? தெரியாது! அதனால்தான் இந்த மாடலில் மூக்கு தனித் துண்டாக இருக்கிறது. நிஜ விமானத்திலும் மூக்கு கீழே மடங்கும். கிளம்பும்போது 5 டிகிரி. இறங்கும்போது 12.5 டிகிரி. மூக்கின் பின்பக்கத்தில் பசை படாமல் பார்த்துக்கொள். பட்டால் நம் விமானிக்கு வழி தெரியாது.

அடுத்து, வயிற்றுக்குக் கீழே நான்கு எஞ்சின்கள். இரண்டு இரண்டாகப் பெட்டிக்குள் இருக்கின்றன. முன்வாயிலில் சாய்வான தகடு தெரிகிறதா? ஒலியைவிட வேகமாக வரும் காற்றை எஞ்சின் அப்படியே விழுங்க முடியாது. அந்தத் தகடுகள் காற்றின் வேகத்தைக் குறைத்து, அமுக்கி, உள்ளே அனுப்பும்.

இப்போது உடலின் இரண்டு பாதிகளையும் மூடப் போகிறோம். நில், நில்! குறிப்புத் தாளைப் படி. மூக்குக்குள் கொஞ்சம் எடை வைக்கச் சொல்லியிருக்கிறதா? வைக்காவிட்டால் மாடலைச் சக்கரத்தில் நிறுத்தியதும் மூக்கு மேலே போய், வால் தரையில் உட்கார்ந்துவிடும். சைக்கிள் கடையில் கேட்டால் பழைய இரும்புக் குண்டுகள் தருவார்கள். நாலைந்தை மூக்குப் பக்கம் வைத்து, ஆடாமல் ஒட்டிவிடு. வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு வேண்டாம். ஈயம் உடம்புக்குக் கெடுதல்.

எடையை எங்கே வைப்பது என்பது நிஜக் கான்கார்டுக்கும் பெரிய பிரச்சினை. எப்படி என்று பார். ஓர் அளவுகோலை விரல் மேல் நிறுத்து. நடுவில் விரல் இருந்தால் நிற்கும். விரலைக் கொஞ்சம் நகர்த்து. கவிழ்ந்துவிட்டது! விரல்தான் இறக்கையின் தூக்குவிசை. ஒலிவேகத்தைத் தாண்டும்போது அந்தத் தூக்குவிசை செயல்படும் இடம் பின்னால் நகர்ந்துவிடும். விரல் நகர்ந்தால் எடையும் நகர வேண்டும், இல்லையா? வானத்தில் இரும்புக் குண்டை யார் நகர்த்துவது? எரிபொருளை நகர்த்தினார்கள்! வேகம் கூடும்போது சுமார் 20 டன் எரிபொருளைப் பம்பு வைத்து வால் பக்கத் தொட்டிக்கு அனுப்புவார்கள். வேகம் குறையும்போது மறுபடி முன்னால் கொண்டுவருவார்கள். எனக்கு இந்த விமானத்தில் மிகப் பெரிய ஆச்சரியம் வேகம் இல்லை, இதுதான்.

உடலை ஒட்டி ரப்பர் பேண்ட் போட்டாயிற்று. காயட்டும். அதுவரை ஒலியைப் பற்றிப் பேசுவோம்.

உன் பள்ளிக்கூட மணி அடிக்கிறது. 340 மீட்டர் தள்ளி நின்றால் அந்த ஓசை உன் காதுக்கு வர சுமார் ஒரு நொடி ஆகும். கான்கார்ட் ஒரு நொடியில் 600 மீட்டர் போகும். தன் சத்தத்தையே முந்திவிடும்!

முந்தினால் என்ன ஆகும்? காசிமேட்டில் விசைப்படகு வேகமாகப் போவதைப் பார்த்திருப்பாய். படகின் மூக்கிலிருந்து இரண்டு பக்கமும் அலை விரிந்துகொண்டே போகும். படகு போன பிறகுதான் அந்த அலை கரையில் வந்து மோதும். கான்கார்டும் காற்றில் அப்படி ஓர் அழுத்த அலையை இழுத்துக்கொண்டு போகும். அது தரையைத் தொடும் இடத்தில் 'டமார்' என்று இடிச்சத்தம் கேட்கும். ஒலிவேகத்தைத் தாண்டும்போது ஒருமுறை மட்டும் கேட்கும் சத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. அந்த வேகத்தில் பறக்கும் வரை, வழிநெடுக அடுத்தடுத்த ஊர்களில் கேட்டுக்கொண்டே போகும்.

அந்தச் சத்தம்தான் கான்கார்டுக்கு எதிரியாயிற்று. ஊர்களுக்கு மேல் அந்த வேகத்தில் பறக்க நம் நாடு உட்படப் பல நாடுகள் சம்மதிக்கவில்லை. கடலுக்கு மேல்தான் அதன் முழு வேகம். லண்டனிலிருந்து பஹ்ரைன் வழியாக சிங்கப்பூருக்கு 1977 டிசம்பரில் கான்கார்ட் ஓடத் தொடங்கியது. மலேசியா சத்தம் வேண்டாம் என்றதால் உடனே நின்றது. 1979இல் மறுபடி ஓடி, 1980இல் முடிந்துபோனது.

சரி, ஒரு ராத்திரி போய் உடல் காய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள். இணைப்பில் பள்ளம் இருந்தால் கொஞ்சம் பட்டி வைத்துத் தேய்த்துவிடு. இனி பெயின்ட்.

எல்லாக் கான்கார்டும் ஏன் வெள்ளை என்று கவனித்தாயா? அழகுக்காக மட்டும் இல்லை. அந்த வேகத்தில் காற்று அமுங்கியும் உரசியும் விமானத்தின் உடம்பைச் சூடாக்கும். மூக்கு நுனியில் 127 டிகிரி வரை போகும். தண்ணீர் கொதிக்க 100 டிகிரி போதுமே! உடம்போ அலுமினியக் கலவை. ரொம்பச் சூடானால் அதன் வலிமை குறையும். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பி, உள்ளே இருக்கும் சூட்டையும் வெளியே விட உதவியது. 1996இல் ஒரு குளிர்பான விளம்பரத்துக்காக ஒரு கான்கார்டுக்கு நீலம் பூசினார்கள். முழு வேகத்தில் 20 நிமிடத்துக்கு மேல் பறக்க வேண்டாம் என்று அதற்குக் கட்டுப்பாடு போட்டார்கள்!

சூடானால் உலோகம் நீளும் என்று பாடத்தில் படித்திருப்பாய். கான்கார்ட் பறக்கும்போது சுமார் 20 சென்டிமீட்டர் நீளும். விமானப் பொறியாளரின் கருவிப் பலகைக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி திறக்கும். கடைசிப் பயணங்களில் அந்தப் பொறியாளர்களில் சிலர் தங்கள் தொப்பியை அந்த இடைவெளியில் வைத்தார்கள். விமானம் குளிர்ந்து சுருங்கியது. தொப்பி மாட்டிக்கொண்டது! அந்த 20 சென்டிமீட்டர் உன் மாடலில் எவ்வளவு? 144ஆல் வகுத்துப் பார். ஒன்றரை மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு.

வெள்ளையை ஒரேயடியாகக் கெட்டியாகப் பூசாதே. வழிந்துவிடும். மெல்லிசாக ஒரு பூச்சு, காய்ந்ததும் இன்னொன்று, பிறகு இன்னொன்று. பொறுமையான பிள்ளை நீ, உன்னால் முடியும்.

கடைசியாக ஸ்டிக்கர் தாள். தண்ணீரில் நனைத்து, வழுக்கி எடுத்து ஒட்டும் வகை. பழைய தாள் மஞ்சளாகியிருக்கும். ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் சில நாள் ஒட்டி வை. நம் ஊர் வெயில் மஞ்சளை நன்றாகவே வெளுக்கும். தண்ணீரில் போட்டதும் பழைய ஸ்டிக்கர் தூள் தூளாக உதிரலாம். அதனால் முதலில் ஓரத்தில் இருக்கும் வேண்டாத துண்டு ஒன்றை நனைத்துச் சோதித்துப் பார். உதிர்ந்தால், மற்றவற்றின் மேல் நிறமில்லாத வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்துக் காயவிட்டு, அப்புறம் நனை.

எந்த நிறுவனத்தின் சின்னத்தை ஒட்டலாம் என்றுதானே யோசிக்கிறாய்? ஒரு யோசனை சொல்கிறேன். சிங்கப்பூர் போன கான்கார்டுகளில் ஒன்றுக்கு இடப்பக்கம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், வலப்பக்கம் பிரிட்டிஷ் ஏர்வேஸ் என்று இரண்டு வேஷம். அந்த விமானம் இப்போது நியூயார்க்கில் ஓர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. சிங்கப்பூர்ச் சின்னம் பெட்டியில் இல்லாவிட்டால் நீயே மெல்லிய தூரிகையால் வரையலாம். எந்தப் பக்கத்துக்கு எது என்று மாற்றிவிடாதே.

எல்லாம் காய்ந்த பிறகு, மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை அளந்து எனக்கு எழுது. 39 வந்ததா, 42.8 வந்ததா?